பொலீத்திஸ்

பொலீத்திஸ் என்பது இஸ்தான்புல் நகரைச் சேர்ந்த கிரேக்கரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஆகும். இதன் பெண்பால் வடிவம் பொலீத்திஸா. பன்மை வடிவம் பொலீத்தெஸ். சொல்லின் நேர்ப்பொருள் 'நகரத்தவர்' என்பதே. எந்த நகரம் என்று சொல்லிலேயே கூறப்படுவதில்லை. கிரேக்கர்களின் வழக்கில் அடைமொழி இன்றி 'நகரம்' என்றால் அது கான்ஸ்டண்டினோப்பிள் எனப்பட்ட இன்றைய இஸ்தான்புல் ஆகும். இதன் முழு வடிவம் கொன்ஸ்தந்தினுபொலீத்திஸ் என்பதாகும்.

இச்சொல்லை 'இஸ்தான்புல்வாசி' என்று தமிழில் பெயர்ப்பது பொருந்தாது. இன்று அந்நகரில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்களில் பொலீத்திஸ் என்று கிரேக்கத்தில் குறிக்கப்படக்கூடியவர்கள் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 பேர் மட்டுமே. மறுபுறம், ஏதென்ஸ், தெசலோனிக்கி முதலிய நகரங்களில் வாழும் பல்லாயிரவர் தம்மை இப்பெயராலேயே அழைத்துக்கொள்கின்றனர். ஓர் ஊரின் மக்களுக்குரிய பெயர் அவ்வூரைவிட வெளியிடங்களிலேயே மிகுதியாக வழங்குவது அரிது. இந்நிலை ஏற்பட்டது 1923 க்கும் 1964 க்கும் இடைப்பட்ட நிகழ்வுகளால் ஆகும்.

சொற்பிறப்பும் ஒலிப்பும்

பண்டைக் கிரேக்கத்தில் 'பொலிஸ்' என்பது நகரத்தையும் நகர அரசையும் குறித்தது. இதிலிருந்து தோன்றிய 'பொலீத்திஸ்' என்ற சொல்லுக்குக் 'குடிமகன்' என்று பொருள். இப்பொருளில் அது இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. சைப்பிரசில் வெளிவரும் 'பொலீத்திஸ்' நாளிதழின் பெயர் குடிமகன் என்ற பொருளிலேயே இடப்பட்டது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த 'போலீஸ்' என்ற சொல்லும் இதே வேரினது தான்.

நகரத்தவர் என்னும் பொருளுடைய பொலீத்திஸ், குடிமகன் என்னும் பொருளுடைய பொலீத்திஸ் ஆகிய இரண்டும் ஒலிப்பில் வேறுபடுவதில்லை. எழுதும்போது முன்னதன் முதலெழுத்து பெரிய எழுத்தாக அமையும். பேச்சில் இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும். பெயரடைகளில் மட்டும் வேறுபாடு தெளிவாகத் தெரியும். 'நகரத்துக்குரிய' என்று பொருள்படும் பொலீத்திக்கி என்ற பெண்பால் பெயரடையில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். 'அரசியல் சார்ந்த' என்று பொருள்படும் பொலித்திக்கீ என்பதில் அழுத்தம் இறுதி அசையில் விழும். கிரேக்கத்தில் சொல் முழுவதையும் பெரிய எழுத்துகளில் எழுதினால் அழுத்தக்குறி இடுவதில்லை என்பதால், அப்போது இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இஸ்தான்புல்லில் பிறந்து 1964 இல் சிறுவனாக அங்கிருந்து வெளியேறிய இயக்குநர் தாசோஸ் புல்மெத்திஸ், 2003 இல் வெளிவந்த தமது 'பொலீத்திக்கி குசீனா' என்ற திரைப்படத்தின் தலைப்பில் இந்த இரட்டுறலைப் பயன்படுத்தினார். அதனை 'நகரத்துச் சமையல்' என்றும் 'அரசியல் சமையல்' என்றும் படிக்கலாம்.

நகரத்தைக் குறிக்கும் தற்காலக் கிரேக்கச் சொல்லை ஒலிப்பின்படி 'போலி' என எழுதவேண்டும். தமிழில் அது வேறு பொருள் தருமாதலால் இக்கட்டுரையில் 'பொலி' எனக் குறிக்கப்படுகிறது.

'பொலி' என்ற பெயர்

கி.மு. 7 ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் குடியேற்றமாக நிறுவப்பட்ட இந்நகரின் முதற்பெயர் பைசண்டியோன். அதன் மக்கள் பைசண்டியோஸ் எனப்பட்டனர். உரோமைப் பேரரசர் கான்ஸ்டண்டைன் இதனைப் புதிய தலைநகராக்கி கி.பி. 330 மே 11 அன்று திறந்துவைத்தார். அதன் பின்னர் 'கான்ஸ்டண்டைனின் நகரம்' என்ற பொருளில் கான்ஸ்டண்டினோப்பிள் என்ற பெயர் நிலைத்தது. ஆயினும் பழைய பெயர் உடனே மறைந்துவிடவில்லை. 6 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ், தலைநகரைப் பைசண்டியோன் என்றும் அதன் மக்களைப் பைசண்டியர் என்றும் எழுதுகிறார்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 'பைசண்டைன்' என்பது பேரரசின் பெயராக அப்பேரரசு நிலவிய காலத்தில் வழங்கவில்லை. அதன் மக்கள் தம்மை உரோமர் என்றே அழைத்துக்கொண்டனர். செருமானிய அறிஞர் இயரோனிமுஸ் வோல்ப் 1557 இல் வெளியிட்ட வரலாற்றுத் தொகுப்புக்குப் பின்னரே அப்பெயர் படிப்படியாகப் பரவியது. அதாவது, ஒரு நகரின் மக்களைக் குறித்த பெயர் பிற்காலத்தில் ஒரு பேரரசுக்கு இடப்பட்டு, நகர மக்களைக் குறிக்கும் பொருளை இழந்தது. அவ்விடத்தில் கொன்ஸ்தந்தினுபொலீத்திஸ் என்பதும் அதன் சுருக்கமான பொலீத்திஸ் என்பதும் நிலைத்தன.

பேரரசின் மக்களுக்குத் தலைநகர் ஒன்றே என்பதால் 'பொலி' என்றாலே போதுமானதாக இருந்தது. இவ்வழக்கு வெளியாருக்கும் தெரிந்திருந்தது. 10 ஆம் நூற்றாண்டு அராபிய எழுத்தாளர் அல்-மசூதி, கிரேக்கர்கள் இந்நகரை 'போலின்' என்றும் 'இஸ்தன் போலின்' என்றும் அழைப்பதாகக் குறிப்பிட்டுள்ளார். பின்னது 'நகரத்துக்கு' அல்லது 'நகரத்தில்' என்று பொருள்படும் கிரேக்கத் தொடர் ஆகும். இஸ்தான்புல் என்ற பெயர் இத்தொடரிலிருந்தே வந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆகவே, துருக்கி மொழியில் இந்நகரின் எல்லா மக்களையும் குறிக்கும் 'இஸ்தான்புல்லு' என்ற பெயரும், கிரேக்கரை மட்டும் குறிக்கும் பொலீத்திஸ் என்ற பெயரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையே.

துருக்கி மொழியில் இக்கிரேக்கர்கள் 'ரூம்' எனப்படுகின்றனர். உரோமர் என்ற பழைய பெயரின் எச்சம் இது. கிரேக்க நாட்டைச் சேர்ந்தவரைக் குறிக்க 'யுனான்லி' என்ற வேறொரு சொல் உள்ளது. கிரேக்க மொழியிலும் இதற்கு இணையான பாகுபாடு உண்டு. பொலீத்தெஸ், கிரேக்க நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களை 'எல்லதீத்தெஸ்' என்று தம்மிலிருந்து வேறுபடுத்திக் கூறுவர்.

ஓட்டோமான் காலம்

1453 மே 29 அன்று நகரம் ஓட்டோமான்களின் வசமானது. அப்போது மக்கள்தொகை மிகவும் குறைந்திருந்தமையால் சுல்தான் இரண்டாம் மெகமது பல பகுதிகளிலிருந்தும் மக்களைக் கொணர்ந்து குடியேற்றினார். அவர்களுள் கிரேக்கரும் இருந்தனர். பின்வந்த நூற்றாண்டுகளில் எப்பிரஸ், ஏஜியன் தீவுகள், கப்படோசியா முதலிய இடங்களிலிருந்து மேலும் பலர் வேலை தேடி வந்தனர். 19 ஆம் நூற்றாண்டில் இவ்வரவு உச்சத்தை எட்டியது. கப்படோசியாவிலிருந்து வந்த மரபுவழிக் கிறிஸ்தவர்களில் பலருக்குத் தாய்மொழி துருக்கியே. அதனை அவர்கள் கிரேக்க எழுத்தில் எழுதினர்.

பொலீத்தெஸ் அனைவரும் பைசண்டைன் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள் என்ற கருத்து பொதுவழக்கில் காணப்பட்டாலும் அது சரியன்று. ஒருவர் வந்து குடியமர்ந்து நகரின் பள்ளி, கோயில், தொழில் ஆகியவற்றோடு இணைந்த பின் ஓரிரு தலைமுறைகளில் பொலீத்திஸ் ஆனார். பேரா, பனாரி (துருக்கியில் பெனர்), 1929 இல் நிகழ்ந்த தீவிபத்துக்குப் பின் குர்துலுஸ் எனப் பெயர் மாற்றப்பட்ட தத்தாவ்லா, இளவரசர் தீவுகள் முதலியவை இவர்கள் செறிந்து வாழ்ந்த பகுதிகள். பனாரியில் வாழ்ந்த செல்வாக்கு மிக்க குடும்பத்தினரைக் குறிக்கும் 'பனாரியோத்து' என்ற பெயர் ஐரோப்பிய வரலாற்று நூல்களில் தனியாக இடம்பெறுகிறது.

சட்டத்தின் வரையறை

ஊர்மக்களைக் குறிக்கும் பெயர்கள் பொதுவாக வழக்கினால் அமைபவை. யார் ஓர் ஊரைச் சேர்ந்தவர் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிப்பதில்லை. பொலீத்தெஸ் விடயத்தில் அது நடந்தது.

முதலாம் உலகப் போரையும் கிரேக்க-துருக்கிப் போரையும் அடுத்து, 1923 சனவரி 30 அன்று லோசான் நகரில் மக்கள் பரிமாற்ற உடன்படிக்கை கையெழுத்தானது. இதன்படி துருக்கியிலிருந்த மரபுவழிக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக இடம்பெயர வேண்டும். பேசும் மொழி கருதப்படவில்லை. சமயமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. போரின்போது முன்னரே வெளியேறியவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்களும் 3.5 முதல் 4 லட்சம் முஸ்லிம்களும் இதற்கு உட்பட்டனர்.

உடன்படிக்கையின் 2 ஆம் பிரிவு இருசாராருக்கு விலக்களித்தது. ஒருசாரார் மேற்குத் திரேசின் முஸ்லிம்கள். மற்றவர் கான்ஸ்டண்டினோப்பிளின் கிரேக்கர்கள். பின்னவர் யார் என்பதையும் அப்பிரிவே வரையறுத்தது. 1912 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நகர எல்லைக்குள், 1918 அக்டோபர் 30 க்கு முன்னரே நிலைகொண்டிருந்த கிரேக்கர்கள் அனைவரும் அந்நகரின் கிரேக்க மக்களாகக் கருதப்படுவர் என்பதே அது. குறிப்பிடப்பட்ட நாள் முட்ரோஸ் போர்நிறுத்தம் கையெழுத்தான நாளாகும். நகரம் நேச நாடுகளின் பிடிக்குள் வந்த பின்னர் குடியேறியவர்களை விலக்குவதே இதன் நோக்கம்.

'நிலைகொண்டிருந்த' என்பதற்கு உடன்படிக்கையின் பிரெஞ்சு மூலத்தில் இருந்த சொல் 'எத்தாப்லி'. இச்சொல்லே வழக்குக்கு வித்திட்டது. துருக்கிச் சட்டப்படி மக்கட்பதிவேட்டில் நகரவாசியாகப் பதிவு செய்திருந்தால் மட்டுமே ஒருவர் நிலைகொண்டவர் ஆவார் என்று துருக்கி கூறியது. பல ஆண்டுகள் நகரில் வாழ்ந்து கடை நடத்திய பலர், பிறந்த ஊரின் பதிவேட்டிலேயே இருந்தனர். துருக்கியின் விளக்கப்படி அவர்கள் வெளியேற வேண்டும். நகரில் உண்மையாக வாழ்ந்திருந்தாலே போதும் என்று கிரேக்கம் வாதிட்டது. 1924 இல் துருக்கிக் காவல்துறை பலரைப் பிடித்து வெளியேற்ற முற்பட்டபோது பிணக்கு முற்றியது. உலக நாடுகள் சங்கத்தின் அவை இதனை எகுவில் இருந்த நிரந்தர அனைத்துலக நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பியது.

நீதிமன்றம் 1925 பெப்ரவரி 21 அன்று தன் கருத்தை வெளியிட்டது. நிலைகொள்ளல் என்பது நீடித்த தன்மையுடைய வாழ்விடத்தால் அமையும் ஓர் உண்மை நிலை என்றும், அதனைத் தீர்மானிக்க இருநாடுகளில் எதனுடைய உள்நாட்டுச் சட்டத்தையும் நாட வேண்டியதில்லை என்றும் அது கூறியது. ஒருவர் எங்கிருந்து வந்திருந்தாலும், குறித்த நாளுக்கு முன் வந்து, நீண்டகாலம் தங்கும் எண்ணத்துடன் வாழ்ந்திருந்தால் அவர் நகரத்தவரே. வழக்கில் பொலீத்திஸ் என்ற சொல் கொண்டிருந்த பொருளுக்கு இக்கருத்து பதிவேட்டைவிட நெருக்கமானது.

ஆயினும் சிக்கல் உடனே தீர்ந்துவிடவில்லை. யார் யாருக்குச் சான்றிதழ் வழங்குவது என்பதில் கலப்பு ஆணையத்தில் இழுபறி நீடித்தது. 1930 சூனில் அங்காராவில் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டில், வந்த நாளையோ பிறந்த இடத்தையோ கருதாமல், அப்போது நகரில் இருந்த துருக்கிக் குடியுரிமை பெற்ற மரபுவழிக் கிரேக்கர்கள் எல்லோரும் எத்தாப்லிகளாக ஏற்கப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று கையெழுத்தான மற்றோர் ஒப்பந்தம், கிரேக்க நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களும் துருக்கியில் வசித்துத் தொழில் செய்ய வழிவகுத்தது. இதனால் நகரின் கிரேக்கரிடையே இரு குடியுரிமையினர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். அவர்களுக்குள் மணவுறவும் இயல்பாக இருந்தது. வழக்கில் இருசாராரும் பொலீத்தெஸ் தான். இந்த வேறுபாடு பின்னாளில் எத்தகைய விளைவை ஏற்படுத்தும் என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை.

1942 - 1964

1920களில் நகரின் மரபுவழிக் கிரேக்கர்களின் தொகை ஏறத்தாழ 1 லட்சமாக இருந்தது. 1942 இல் விதிக்கப்பட்ட செல்வ வரி முஸ்லிம் அல்லாதோர் மீது பல மடங்கு அதிகமாக மதிப்பிடப்பட்டது. கட்ட இயலாதவர்களின் உடைமைகள் ஏலமிடப்பட்டன. சிலர் அஸ்காலேயிலிருந்த உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1944 இல் இவ்வரி நீக்கப்பட்டது. 1955 செப்டம்பர் 6, 7 ஆகிய நாட்களில், தெசலோனிக்கியில் அத்தாதுர்க் பிறந்த வீட்டருகே குண்டு வெடித்த செய்தியை அடுத்து, இஸ்தான்புல்லில் கும்பல்கள் கிரேக்கர்களின் கடைகள், வீடுகள், கோயில்கள், பள்ளிகள், இடுகாடுகள் ஆகியவற்றைத் தாக்கின. ஆயிரக்கணக்கான கடைகள் அழிந்தன. 1960 இராணுவப் புரட்சிக்குப் பின் நடந்த யாசியாதா விசாரணைகளில் இந்நிகழ்வும் ஒரு குற்றச்சாட்டாக இடம்பெற்றது.

எனினும் சமூகத்தின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தது 1964 நிகழ்வே. சைப்பிரசில் 1963 இறுதியில் வெடித்த மோதல்களைத் தொடர்ந்து, துருக்கி 1964 மார்ச் 16 அன்று 1930 அக்டோபர் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. கிரேக்க நாட்டுக் குடியுரிமை பெற்ற ஏறத்தாழ 12,000 பேர் வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றப்படுவோரின் பெயர்ப்பட்டியல்கள் நாளிதழ்களில் வந்தன. 20 கிலோ சுமையும் 200 லீராவும் (ஏறத்தாழ 22 டாலர்) மட்டுமே எடுத்துச்செல்ல இசைவளிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வந்த அரசாணை அவர்களது அசையாச் சொத்துக்களை முடக்கியது.

இவர்களில் பெரும்பாலோர் இஸ்தான்புல்லிலேயே பிறந்தவர்கள். கிரேக்க நாட்டை முன்னர் கண்டிராதவர்களும் அவர்களுள் இருந்தனர். கணவர் கிரேக்கக் குடியுரிமையும் மனைவி மக்கள் துருக்கிக் குடியுரிமையும் கொண்ட குடும்பங்களில் பட்டியலில் ஒருவர் பெயரே இருந்தாலும் குடும்பமே கிளம்ப வேண்டியதாயிற்று. இவ்வாறு உடன் சென்றவர்களையும் சேர்த்தால் வெளியேறியோர் தொகை 30,000 முதல் 40,000 வரை என மதிப்பிடப்படுகிறது. பொலீத்திஸ் என்ற சொல்லின் இரு பொருள்களும் இங்கு முரண்பட்டு நிற்பதைக் காணலாம். நகரத்தவர் என்ற பொருளில் பொலீத்திஸ் ஆனவர், துருக்கியின் குடிமகன் என்ற பொருளில் பொலீத்திஸ் அல்லர் என்பதே அவர் வெளியேற்றப்படக் காரணம் ஆயிற்று. 1925 இல் நீதிமன்றம் முதன்மைப்படுத்திய 'வாழ்விடம்' இங்கு கணக்கில் கொள்ளப்படவில்லை.

கிரேக்கத்தில் பொலீத்தெஸ்

கிரேக்கம் சென்றவர்களில் பலர் ஏதென்சின் கடற்கரைப் புறநகரான பலேயோ பாலிரோவில் குடியேறினர். அங்கு அவர்களது பேச்சு எளிதில் அடையாளம் காணப்பட்டது. 'உனக்குச் சொல்கிறேன்' என்பதில் ஏதென்சு வழக்கு ஆறாம் வேற்றுமை வடிவத்தைப் பயன்படுத்தும். நகரத்து வழக்கு 'உன்னைச் சொல்கிறேன்' என்பது போல இரண்டாம் வேற்றுமையைப் பயன்படுத்தும். வடகிரேக்க வழக்குகளிலும் இதுவே உள்ளது. துருக்கி, பிரெஞ்சுச் சொற்களும் இவர்களது பேச்சில் மிகுதி. துருக்கியில் கிரேக்கர் எனப்பட்டவர்கள் கிரேக்கத்தில் துருக்கியர் என்ற ஏளனத்துக்கு ஆளாயினர் என்பது இச்சமூகத்தினரின் நினைவுகளில் அடிக்கடி இடம்பெறும் செய்தி.

கிரேக்கத்தில் பிறந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறையினரும் தம்மைப் பொலீத்திஸ் எனக் கூறிக்கொள்வதுண்டு. இவ்வழக்கில் சொல் வாழ்விடத்தைச் சுட்டுவதிலிருந்து வழித்தோன்றலைச் சுட்டுவதாக மாறியுள்ளது. 1923 க்கு முன் எங்கிருந்து வந்தவரும் நகரில் வாழ்ந்தே இப்பெயரைப் பெற முடிந்தது என்பதுடன் இதனை ஒப்பிடலாம்.

இஸ்தான்புல்லில் இன்று

நகரில் எஞ்சியுள்ள சமூகத்துக்குச் சில நிறுவனங்கள் உள்ளன. 1925 இல் தொடங்கப்பட்ட 'அப்போயெவ்மத்தினி' நாளிதழ், பனாரியிலுள்ள செங்கல் நிறக் கட்டடத்தில் இயங்கும் கிரேக்க உயர்நிலைப் பள்ளி ஆகியவை அவற்றுட் சில. மரபுவழித் திருச்சபையின் முதுபெரும் ஆயரகமும் பனாரியிலேயே உள்ளது. துருக்கிக் குடியுரிமை உடையவரே முதுபெரும் ஆயராக முடியும். ஆல்கி தீவிலிருந்த இறையியற் பள்ளி 1971 இல் மூடப்பட்டது.

சிறுபான்மைப் பள்ளிகளில் பயிலும் மாணவரில் குறிப்பிடத்தக்க பங்கினர், அந்தியோக்கியா பகுதியிலிருந்து இஸ்தான்புல் வந்த, அரபு மொழி பேசும் மரபுவழிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆவர். துருக்கிச் சட்டத்தின் பார்வையில் அவர்களும் ரூம் சமூகத்தினரே. கிரேக்க வழக்கில் அவர்களைப் பொலீத்தெஸ் என அழைப்பது இன்னும் பரவலாகவில்லை. கப்படோசியாவிலிருந்து வந்த துருக்கி மொழியினர் முற்காலத்தில் இப்பெயருக்குள் அடங்கியதை நோக்கினால், மொழி இதற்குத் தடையாக இருக்கவேண்டியதில்லை.

பிற வழக்குகள்

இஸ்தான்புல் ஆர்மேனியர்களும் நகரைப் 'போலிஸ்' என்றே அழைக்கின்றனர். அந்நகர ஆர்மேனியரைக் குறிக்கும் 'போல்சஹாய்' என்ற சொல் அதிலிருந்து வந்தது.

பொலீத்திக்கி லீரா என்பது பேரிக்காய் வடிவிலான சிறு வில்லிசைக் கருவி; துருக்கியில் இது கெமென்சே எனப்படும். 'அலா பொலீத்தா' என்ற அடைமொழியுடன் வழங்கும் உணவு, கூனைப்பூவை உருளைக்கிழங்கு, காரட், சதகுப்பைக் கீரை ஆகியவற்றுடன் எலுமிச்சைச் சாறும் ஒலிவ எண்ணெயும் சேர்த்துச் சமைப்பதாகும். கிரேக்கம் முழுவதும் உணவகங்களில் இது கிடைக்கிறது.

கிரேக்கக் காற்பந்துக் கழகங்கள் இரண்டின் பெயர்களிலும் நகரம் இடம்பெறுகிறது. இடம்பெயர்ந்து வந்தோரால் 1924 இல் ஏதென்சில் தொடங்கப்பட்ட ஏ.இ.கே. கழகத்தின் பெயரில் உள்ள 'கே' நகரின் பெயரைக் குறிக்கும். 1926 இல் தெசலோனிக்கியில் தொடங்கப்பட்ட பி.ஏ.ஓ.கே. கழகத்தின் 'கே' எழுத்தோ நகரை அன்றி அதன் மக்களைக் குறிப்பது. அதன் விரிவு 'கொன்ஸ்தந்தினுபொலித்தோன்', அதாவது 'கான்ஸ்டண்டினோப்பிள் நகரத்தவர்களுடைய' என்பதாகும். இரு கழகங்களும் இரட்டைத்தலைக் கழுகைச் சின்னமாகக் கொண்டுள்ளன.